அம்சல்தால் அரசு ரயில்வே

சுவிஸின் பேர்ண் நகரத்தில், பூம்ப்ளிஸில் இருக்கிற தமிழருக்கெல்லாம் பெர்னடெற்தான் வாய். வதிவிட அனுமதியைப் பற்றிக் கடிதம் வந்தாலும், பிள்ளையின் ஆசிரியை வரச்சொன்னாலும், கீழ்வீட்டுக்காரர் சத்தம் கூடிப்போச்சு என்று முறைப்பாடு கொடுத்தாலும் முதல் தொலைபேசி அவளுக்குத்தான் வரும். காலையில் மருத்துவமனைச் சமையலறையில் வேலை. இரண்டரை மணிக்கு உடுப்பு மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள் என்றால், யாராவது ஒருவரோடு ஏதாவதொரு அலுவலகத்து வாங்கில் உட்கார்ந்திருப்பாள். சாப்பாட்டுத் தட்டுகள் ஓடுகிற பட்டியின் இரு பக்கமும் நின்று கதைத்துக் கதைத்தே பேர்ண்காரரின் பேச்சுமொழியை அவள் பிடித்துக்கொண்டவள். அதிகாரிகளைச் சிரிக்க வைக்கிற அளவுக்கு அது அவளுக்கு வந்தது.

அவளுடைய கணவர் இராயப்பு நேர்மாறு. மன்னாரில் பேசாலையில் பிறந்தவர். சுவிசுக்கு வந்து முப்பத்திரண்டு வருடமாகத் துப்புரவு வேலை. வணக்கம், நன்றி, முடிஞ்சுது, நாளைக்கு வாறன் என்கிற அளவில் அவருடைய டொச், அந்த ஊர் ஜெர்மன் மொழி, நின்றுவிட்டது. மீதியைப் பெர்னடெற் பார்த்துக்கொண்டாள். வங்கிக்குப் போனாலும் வைத்தியரிடம் போனாலும் அவர் பக்கத்தில் நின்று தலையாட்டுவார். "இவருக்குத் தமிழே அளந்துதான் வரும்" என்று அவள் பகிடி பண்ணுவாள். அதற்கும் அவர் தலையாட்டுவார்.

பெப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெர்னடெற் நோயாளிகளின் தட்டுகளில் அட்டை வைத்துக்கொண்டிருந்தாள். உப்பில்லாதது, சீனியில்லாதது, அரைத்தது என்று ஒவ்வொரு அட்டையையும் சத்தமாக வாசித்து வைப்பது அவளுடைய வழக்கம். அன்றைக்கு ஐம்பதாவது அட்டையோ அறுபதாவது அட்டையோ, வாசித்தபோது வந்தது சொல்லாக இல்லை. எதிரில் நின்ற மிரேலா என்ற கொசோவோப் பெண் நிமிர்ந்து, ஒரு பக்கம் கோணிப்போயிருந்த அவளுடைய முகத்தைப் பார்த்தாள். பார்த்தவுடன் பட்டியை நிறுத்தி, சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை அடித்தாள்.

அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் இராயப்பு மிரேலாவுக்காக ஒரு சிலுவை போட்டுக்கொள்வார். டிராமிலோ வீட்டிலோ அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வைத்தியர் சொன்னதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. பக்கவாதத்துக்கான பிரிவு சமையலறையில் இருந்து மூன்று மாடிதான் மேலே. பதினைந்து நிமிடத்தில் மருந்து ஏற்றிவிட்டார்கள்.

மூன்று கிழமையில் பெர்னடெற் நடந்தாள். வலது கை ஒரு தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கிற அளவுக்கு வந்து நின்றது. பேச்சு மட்டும் வரவில்லை. மற்றவர்கள் சொல்வது விளங்கியது. தமிழும் விளங்கியது, டொச்சும் பெரும்பாலும் விளங்கியது. பதில் சொல்ல வாய் திறந்தால் மட்டும் ஒரேயொரு சொல்தான் வெளியே வந்தது.

"பெர்னா, பசிக்குதோ?"

"நாளைக்கு."

"யன்னலைப் பூட்டட்டோ? குளிருதோ?"

"நாளைக்கு."

முதல் தரம் இராயப்புவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. இரண்டு பேரும் சிரித்து முடிந்த பிறகு அவள் அழுதாள். அவர் அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். சொல்ல வேண்டிய இடங்களில் எல்லாம் முப்பது வருடமாக அவள்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர்களைச் சனம் கைவிடவில்லை. குணசேகரம் என்று ஒருவர், பக்கத்துத் தெருவில் இருக்கிறவர். அவருடைய குடியுரிமை நேர்காணலுக்கு ஆறு மாதம் பெர்னடெற் வீட்டு மேசையில் வைத்து அவரைப் பயிற்றியிருந்தாள். அவர் ஒரு தாளில் கோடு போட்டு, கிழமையில் ஆறு நாளுக்கும் யார் சாப்பாடு கொண்டுபோவது, இராயப்பு வேலைக்குப் போகிற நேரத்தில் யார் அவளோடு வந்து இருப்பது என்று எழுதி எல்லாருக்கும் அனுப்பினார். யூரோப்பாபிளாட்ஸில் இருக்கிற சைவக் கோயிலில் அவளுடைய பேரில் அர்ச்சனையும் செய்வித்தார். "வேதக்காரப் பிள்ளையெண்டு ஐயருக்குச் சொன்னனான். அவர் அதெல்லாம் பறவாயில்லை எண்டிட்டார்" என்று விபூதியைக் கொண்டுவந்து மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இராயப்பு அதை அப்படியே விட்டுவிட்டார்.

லொசானில் மருந்துக்கடையில் வேலை செய்கிற மகள் எலேனா ஞாயிறு தோறும் வருவாள். "அப்பா, இரண்டு பேரும் என்னோடை வந்து இருங்கோவன்" என்று அவள் கேட்டாள்.

"அங்கை பிரெஞ்சு. அம்மாவுக்கு இன்னொரு பாசையைக் குடுத்து வதைக்கவோ?" என்றார் இராயப்பு. அந்த வருடத்தில் அவர் சொன்ன நீளமான வசனம் அதுவாகத்தான் இருக்கும்.

குணசேகரத்தின் தாளில் சனிக்கிழமை பிற்பகல் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. சனிக்கிழமை எல்லாருக்கும் வேலை. இராயப்புவுக்கும் வேலை. ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய பண்டகசாலைக் கட்டடம், மேலே அலுவலகங்கள். அதன் படிகளையும் நடையையும் கழுவித் துடைக்க வேண்டும். வேறு வழியில்லாமல் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை பெர்னடெற்றையும் கூட்டிக்கொண்டு போனார். கீழ்த்தளத்தில், அவர் ஒருநாளும் எட்டிப் பார்க்காத ஒரு பெரிய மண்டபத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே வெள்ளைக்காரக் கிழவர்கள் ஐந்தாறு பேர் நின்றார்கள். பெர்னடெற் உட்காரக் கதிரை ஒன்று கிடைக்குமா என்று சைகையில் கேட்டார். கிடைத்தது.

மண்டபம் முழுக்க, இடுப்பளவு உயர மேசைகளின் மேல், ஒரு நாடு இருந்தது. மலை, ஆறு, கல்லுப் பாலம், சின்னச் சின்ன ஊர்கள், அவற்றுக்கிடையே ஒற்றைத் தண்டவாளம். விரல் உயரத்தில் தொப்பி வைத்த ஆண்களும் நீண்ட பாவாடை கட்டிய பெண்களும் நிலையங்களில் நின்றார்கள். பச்சை நிறப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒரு நீராவி எஞ்சின் ஊர்ந்து வந்தது. அதன் பெட்டியில் பொன்னிறத்தில் எழுதியிருந்ததைப் பெர்னடெற் குனிந்து பார்த்தாள். எழுத்துகள் அவளுக்குக் கலங்கித்தான் தெரிந்தன.

அது என்ன நாடு என்பது இராயப்புவுக்கு விளங்க இரண்டு கிழமை சென்றது. ஒரு சனிக்கிழமை எலேனா வந்திருந்தாள். அந்தக் கிழவர்கள் நடத்துகிற பொம்மை ரயில் சங்கத்தின் தலைவரான றூடி, அஞ்சலில் வேலை செய்து ஓய்வு பெற்ற எழுபத்திரண்டு வயது மனிதர், அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னார். அவள் தகப்பனுக்குத் தமிழில் சொன்னாள்.

"இப்பிடியொரு இடம் உலகத்திலை இல்லையாம் அப்பா. அம்சல்தால் எண்டு இவையளே நினைச்சு உண்டாக்கின குட்டி நாடு. அந்தக் காலத்திலை இஞ்சை பெரும்பாலான ரெயின் பாதையளைத் தனியார் கம்பனியள்தான் நடத்தினதாம். மலைக்குப் பின்னாலை இருக்கிற ஊருகளை அவங்கள் திரும்பியும் பாக்கேல்லையாம். தொடக்கத்திலையே ஒரு அரசாங்கம் தன்ரை சனத்துக்கெண்டு ரெயின் விட்டிருந்தால் எப்பிடியிருந்திருக்கும் எண்டு யோசிச்சுத்தான் இதைச் செய்ததாம். இதிலை சாமான் ஏத்துறேல்லை. ஆக்கள் மட்டுந்தான். எப்பவும் 1883ஆம் ஆண்டுதான்."

"எத்தினை வருசமா உந்தக் கோச்சியை ஓட்டினம்?"

"நாப்பத்தொரு வருசமாம்."

"நாப்பத்தொரு வருசமா 1883ஓ?"

எலேனா அதை மொழிபெயர்த்தாள். றூடி மிகவும் பணிவாகத் தலையசைத்தார். பிறகு ஒரு கையடக்கப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அது அம்சல்தால் அரசு ரயில்வேயின் சட்டப் புத்தகம், நாற்பது பிரிவுகள். முதல் பிரிவு: நிலையத்தில் ஒரேயொரு பயணி நின்றாலும் வண்டி நிற்க வேண்டும். இராயப்புவுக்கு அது பிடித்துப்போயிற்று.

பெர்னடெற்றுக்குப் பிடித்தது வேறு. மண்டபத்தில் ஆறு நிலையங்கள். ஒரு நிலையத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் பச்சைத் திரை தொங்கியது. ஒரு நிலையத்தில் இருப்பவருக்கு அடுத்த நிலையத்தில் நடப்பது தெரியாது. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பித்தளை மணியும், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கட்டைகளும், கைகாட்டியையும் பாதையையும் மாற்றுகிற பிடிகளும் இருந்தன. ஒரு கட்டையை அழுத்தினால் அந்தப் பக்கத்து நிலையத்தின் மணி ஒலிக்கும். மூன்று அடி அடித்தால், ரயில் ஒன்றை அனுப்பலாமா என்று அர்த்தம். அதே மூன்று திரும்பி வந்தால் அனுப்பு. இரண்டு அடித்தால் வண்டி புறப்பட்டுவிட்டது. ஒன்று, வந்து சேர்ந்துவிட்டது. ஆறு அடி கேட்டால் எல்லாம் அப்படியே நிற்க வேண்டும். வண்டி ஓடுகிற நேரத்தில் யாரும் வாய் திறந்து கதைக்கக் கூடாது. அந்தக் காலத்து நிலையங்கள் ஒன்றோடொன்று கதைத்துக்கொள்ளவில்லை என்பதால் இவர்களும் கதைப்பதில்லை.

பெர்னடெற் போய்வந்த இடங்களில் எல்லாம் சனம் அவளிடமிருந்து பேச்சை எதிர்பார்த்தது. அன்பாகத்தான் எதிர்பார்த்தார்கள். "சொல்லுங்கோ அக்கா, மெதுவாச் சொல்லுங்கோ" என்று அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கதைப்பதற்குத் தடை போட்டிருந்த ஒரே இடம் இந்த மண்டபம். அங்கே அவள் மற்ற ஆறு பேரைப் போலவே இருந்தாள்.

நாலாவது சனிக்கிழமை அது நடந்தது. ஒபர்மூஸ் என்ற மூன்றாவது நிலையத்தைப் பார்க்கிற மார்கிரித் இடுப்பு வலியைத் தாங்க முடியாமல் இடையில் எழுந்து வெளியே போய்விட்டாள். பெர்னடெற்றின் கதிரை அந்த நிலையத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒபர்மூஸ் மணி மூன்று தரம் ஒலித்தது. யாரும் பதில் கொடுக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் மூன்று. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டி காத்துக்கொண்டு நின்றது.

பெர்னடெற் எழுந்தாள். இடது கையை நீட்டி மூன்று அடித்தாள்.

இரண்டு அடி திரும்பி வந்தது. வண்டி புறப்பட்டுவிட்டது. அவள் கைகாட்டியை இறக்கினாள், பாதையை மாற்றினாள், பச்சைப் பெட்டிகள் சுரங்கத்தில் இருந்து வெளியே வந்து மேடையோரம் நின்றதும் ஒரு அடி அடித்தாள். பிறகு மற்றப் பக்கத்து நிலையத்துக்கு மூன்று அடி கொடுத்து, பதிலுக்குக் காத்திருந்தாள். மூன்று சனிக்கிழமையாகப் பார்த்ததெல்லாம் ஒன்றும் பிசகாமல் அவளிடம் இருந்தது.

ஓட்டம் முடிந்ததும் றூடி திரையை விலக்கிக்கொண்டு வந்தார். மார்கிரித்தைத் தேடினார். அங்கே நின்றது பெர்னடெற். வாசலில் தும்புத்தடியோடு இராயப்பு நின்றார். ஏதோ பிழை நடந்துவிட்டது என்று நினைத்து அவர் மன்னிப்புக் கேட்கிற சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார்.

றூடி பெர்னடெற்றைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். அது இராயப்புவுக்கே விளங்கியது. அடுத்த சனிக்கிழமையும் வருவீர்களா?

"நாளைக்கு" என்றாள் பெர்னடெற். சொல்லிவிட்டு, இல்லை இல்லை என்று தலையை ஆட்டி, மணியில் மூன்று அடித்தாள்.

றூடி தன் நிலையத்துக்குத் திரும்பிப் போய் மூன்று அடித்துப் பதில் சொன்னார்.

மார்கிரித் இடுப்பில் சத்திரசிகிச்சை செய்துகொண்டாள். அவள் திரும்பி வரும்வரை என்றுதான் பெர்னடெற்றிடம் நிலையத்தைக் கொடுத்தார்கள். அவள் திரும்பி வந்து, தனக்குப் படி ஏறி இறங்கத் தேவையில்லாத கடைசி நிலையம் போதும் என்று சொன்னதால் ஒபர்மூஸ் பெர்னடெற்றுக்கே ஆயிற்று. சிவப்புப் பட்டி வைத்த நிலைய அதிபர் தொப்பியும் கிடைத்தது. அதைத் தலையில் வைத்துப் பார்த்து அவள் வெட்கப்பட்டதை எலேனா படம் பிடித்தாள்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த விஸ் என்ற இளம் பெண்ணிடம் எலேனா இந்த மணிக் கதையைச் சொன்னாள். விஸ் நேரே அந்தச் சனிக்கிழமை மண்டபத்துக்கே வந்து, ஒரு மூலையில் நின்று பார்த்தாள். அடுத்த கிழமை தொடக்கம் பயிற்சி மாறியது. சொல்லை வாயால் தேட வேண்டாம், இடது கையால் மேசையில் தட்டு, தட்டுக்கு ஒரு துண்டாகச் சொல்லை விடு என்றாள். சிலருக்கு இது உதவும், எல்லாருக்கும் அல்ல என்றும் ஒளிக்காமல் சொன்னாள். டொச்சில் வேண்டாம், அவளுக்கு முதல் வந்த மொழியிலேயே செய்யுங்கள் என்றும் சொன்னாள். அதனால் வீட்டில் பயிற்சி கொடுக்கிற பொறுப்பு இராயப்புவின் தலையில் விழுந்தது.

தமிழை அளந்து பேசுகிற மனிதர் ஒவ்வொரு மாலையும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கத்தினார். "தண்-ணி. தண்-ணி. கத-வு. கத-வு." அவளும் தட்டினாள். வெறும் காற்று வந்தது, "நாளைக்கு" வந்தது, சில வேளைகளில் கோபம் வந்தது. யூன் முழுக்க அப்படிப் போயிற்று. யூலையிலும் போயிற்று.

ஓகஸ்ட் மாதம் ஒரு மாலை இராயப்பு குசினியில் பருப்பைத் தாளித்துக்கொண்டு நின்றார். பின்னால் மேசையில் தட்டுகிற சத்தம் கேட்டது. நாலு தட்டு.

"இஞ்-சா-ருங்-கோ."

அவர் திரும்பவில்லை. கேட்டது சரிதானா என்று தெரியவில்லை.

"இஞ்-சா-ருங்-கோ."

கலியாணம் கட்டின நாளில் இருந்து அவள் அவருடைய பெயரைச் சொன்னது கிடையாது. அவரைக் கூப்பிட்டதெல்லாம் இந்தச் சொல்லால்தான். கடுகு கருகி, வீடெல்லாம் கேட்கப் புகை எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது. இராயப்பு அடுப்பை நிறுத்தாமல், "ஓம். ஓம் பெர்னா. நிக்கிறன். இஞ்சைதான் நிக்கிறன்" என்று சொல்லிக்கொண்டே நின்றார். மேல்வீட்டுக்காரர் ஓடி வந்து கதவைத் தட்டினார். கதவைத் திறந்த இராயப்பு அந்த மனிதரைக் கட்டிப்பிடித்தார். அவர் பேர்ண்காரர். கட்டிப்பிடிக்கிற அளவுக்குப் பழக்கமும் இல்லை. ஆனாலும் நின்றுகொடுத்தார்.

அதற்குப் பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. வரிசையாக வரவில்லை. உப்பு வந்தது, புளி வரவில்லை. எலேனா என்று வந்தது, மகள் என்று வரவில்லை. ஆனால் வந்தன.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, சங்கத்து ஆட்கள் எல்லாரும் லுட்சேர்னில் நடந்த கண்காட்சிக்குப் போயிருந்தார்கள். ஒபர்மூஸுக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையில் புதிதாக மணிக் கம்பி போட்டிருந்ததால், அதைச் சோதித்துப் பார்க்க றூடி மட்டும் தங்கிவிட்டார். சோதிக்க இரண்டு பேர் வேண்டும். பெர்னடெற் வந்தாள். இராயப்பு நடையில் தூசி உறிஞ்சியை இழுத்துக்கொண்டு நின்றார்.

திரைக்கு இந்தப் பக்கம் பெர்னடெற், அந்தப் பக்கம் றூடி. மூன்று அடி வந்தது. அவள் மூன்று கொடுத்தாள். வண்டி புறப்பட்டது என்று இரண்டு வந்தது. வண்டி வந்தது, அவள் ஒன்று கொடுத்தாள். கம்பி நன்றாக வேலை செய்தது. மறுபடியும் ஒரு தரம் மூன்று வந்தது. அவள் மூன்று கொடுத்தாள். இரண்டு வர வேண்டிய இடத்தில் ஐந்து வந்தது.

அவள் மணியைப் பார்த்தாள். கம்பியில் கோளாறாக இருக்கலாம். திரும்பவும் மூன்று கொடுத்தாள். பதிலுக்கு ஒன்று வந்தது, நீண்ட இடைவெளி, பிறகு இன்னும் ஒன்று, பிறகு அவசர அவசரமாக நாலு. றூடி அப்படி அடிக்கிற மனிதர் அல்ல. ஆறு மாதமாக அவருடைய அடிகளைக் கேட்டவளுக்கு அது தெரியும். நாற்பத்தொரு வருடத்தில் ஒரு பிழை அடி அடித்ததில்லை என்று மற்றவர்கள் அவரைக் கேலி பண்ணுவார்கள். நினைத்தது ஒன்று, வெளியே வருவது இன்னொன்று என்றால் எப்படி இருக்கும் என்பது அந்தக் கட்டடத்தில் பெர்னடெற்றுக்குத்தான் தெரியும்.

அவள் ஆறு அடித்தாள். பதில் வரவில்லை. எழுந்து போய்த் திரையை இழுத்தாள்.

றூடி கதிரையில் இருந்தார். முகமெல்லாம் வியர்வை. கை நடுங்கியபடி மணி அடிக்கிற கட்டையைத் தேடிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்து யாரென்று தெரியாதவர் போல ஏதோ கோபமாகச் சொன்னார். பெர்னடெற் அவருடைய முகத்தை இடது கையால் நிமிர்த்திப் பார்த்தாள். வாய் கோணவில்லை. இரண்டு கையும் அசைந்தன. மேசையில் அவருடைய சின்னப் பை திறந்து கிடந்தது. அதற்குள் இன்சுலின் பேனா. சீனியில்லாத அட்டையை இருபது வருடம் தட்டுகளில் வைத்தவளுக்கு, அவருக்குச் சீனி இறங்கிவிட்டது என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

"இஞ்-சா-ருங்-கோ!"

தூசி உறிஞ்சியின் சத்தத்துக்கு மேலாக அது கேட்டது. இராயப்பு ஓடி வந்தார். அவள் ஏற்கெனவே மூலையில் இருந்த குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஒரு அப்பிள் சாற்றுப் போத்தலை எடுத்துவிட்டாள். ஒரு கையால் மூடி திறக்க வரவில்லை. அவர் திறந்து கொடுத்தார். அவள் அதை றூடியின் வாயோடு வைத்தாள். அவர் தட்டிவிட்டார். சாறு அவருடைய சட்டையில் ஊற்றுப்பட்டது.

"குடி!" என்றாள் பெர்னடெற். "குடி! குடி!"

கையால் தட்டாமல், துண்டு துண்டாக இல்லாமல் வந்த சொல். எழுபத்திரண்டு வயது மனிதரை நீ, வா என்று அவள் ஒருநாளும் கூப்பிட்டிருக்க மாட்டாள். தமிழ் ஒரு சொல்லும் தெரியாத றூடி அந்தச் சத்தத்துக்குப் பயந்தவர் போல ஒரு மிடறு குடித்தார். பிறகு இன்னொன்று.

அவள் இராயப்புவின் சட்டைப் பையைக் காட்டினாள். தொலைபேசி. அவர் அதைக் கையில் எடுத்தார். 144. அம்புலன்ஸின் இலக்கம் அவருக்குத் தெரியும். டொச்சில் ஒரு தொலைபேசி அழைப்பு அவர் இந்த நாட்டில் எடுத்தது கிடையாது. முகத்தைப் பார்த்துக் கதைத்தாலே தடுமாறுகிறவர். முகமும் தெரியாமல் எப்படி? பெர்னடெற் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தத் தரம் அவளால் அதை வாங்கிக் கதைக்க முடியாது.

அவர் அழுத்தினார். ஒரு பெண்குரல் கேட்டது. இராயப்பு தனக்குத் தெரிந்த சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்தார். ஆள். வயது எழுபத்திரண்டு. சீனி. சீனி குறைவு. பேச்சு பிழை, கண் திறந்திருக்கு, இப்ப குடிக்குது. அந்தப் பெண் அவசரப்படுத்தவில்லை. எங்கே என்று கேட்டாள். அது இராயப்புவுக்கு நன்றாகத் தெரியும். நாலு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை அறிக்கையில் அவர் எழுதுகிற முகவரி. தெருப் பெயர், இலக்கம், அஞ்சல் குறி, பின்பக்க வாசல் என்று ஒரு மூச்சில் சொல்லி முடித்தார்.

"மிகவும் நன்றாகச் சொன்னீர்கள். வந்துகொண்டிருக்கிறார்கள்" என்றாள் அந்தப் பெண். தொலைபேசியை வைத்துவிட்டு இராயப்பு பின்பக்க வாசலைத் திறந்துவிட ஓடினார்.

அம்புலன்ஸ் வரும்போது றூடி தான் யார் என்று சொல்கிற நிலைக்கு வந்திருந்தார். கம்பி சோதிக்கிற ஆர்வத்தில் காலையில் ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பிட மறந்துவிட்டாராம். மனைவி பிரிந்துபோய்ப் பதினெட்டு வருடம், தனியாக இருக்கிறவர். அன்றைக்கு அவர் தனியாக நின்றிருந்தால் மற்றவர்கள் லுட்சேர்னில் இருந்து திரும்பிய பிறகுதான் கண்டிருப்பார்கள்.

இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். அடுத்த சனிக்கிழமை றூடி வந்தார். பெர்னடெற்றிடம் நன்றி என்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. சட்டப் புத்தகத்தை அவளுடைய நிலையத்தில் வைத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்தார். நாற்பதாவது பிரிவுக்குக் கீழே, அந்தக் காலத்து எழுத்தில், மையால் புதிதாக ஒன்று எழுதியிருந்தது. இராயப்பு எழுத்துக் கூட்டி வாசித்தார். விளங்காத சொல்லை றூடியிடம் கேட்டார். அவர் கேட்டார் என்பதை எலேனா பிறகு கேள்விப்பட்டு நம்பவில்லை.

பிரிவு நாற்பத்தொன்று: அடுத்த நிலையத்தின் மணி பிழையாக ஒலித்தால், நிலைய அதிபர் தன் இடத்தை விட்டு எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்.

"எனக்குப் பிறகும் இது இருக்கும்" என்றார் றூடி. பிறகு இராயப்புவின் பக்கம் திரும்பி, அவருடைய கையைப் பிடித்து, நெடுநேரம் குலுக்கினார். "உங்கள் டொச் நல்லாயிருந்தது. எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் நல்லாயிருந்தது."

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது பெர்னடெற் இராயப்புவின் கையில் தட்டத் தொடங்கினாள். எதையோ சொல்ல முயல்கிறாள் என்று அவர் நின்றார். நாலைந்து தரம் பிழைத்தது. கடைசியில், "பூ-சை" என்றாள். பிறகு, "எல்-லா-ருக்-கும்."

பெப்ரவரி வந்தது. அவள் விழுந்து ஒரு வருடம் நிறைகிற கிழமையில் வந்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்த் திருப்பலியில் நன்றிக் கருத்து ஒப்புக்கொடுத்தார்கள். யார் யாருக்காக என்று இராயப்பு ஒரு தாளில் எழுதினார். பெர்னடெற் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு பெயரையும் தட்டித் தட்டிச் சொன்னாள். மிரேலா. வைத்தியர்கள். விஸ். குணசேகரம் குடும்பம். சாப்பாடு தந்த ஒவ்வொரு வீடும். கடைசியாக ஒரு பெயர். இராயப்பு அதையும் எழுதினார்.

பூசைக்கு முன்னால் சுவாமியார் தாளை வாசித்துப் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டார்.

"இராயப்பு, அம்சல்தால் அரசு ரயில்வே எண்டு போட்டிருக்கிறியள். இது எந்த நாட்டிலை இருக்கு?"

"அது நாடில்லை சுவாமி. அப்பிடியொரு நாடு இல்லை."

"அப்ப இல்லாத ரெயினுக்கோ மண்டாடுறது?"

இராயப்பு வாங்குகளின் பக்கம் திரும்பினார். "ரெயின் இல்லை எண்டாலும் அதிலை வேலை செய்யிறவை இருக்கினம் சுவாமி. பெர்னாவும் அதிலைதான் ஸ்ரேசன் மாஸ்ரர். அந்தா, மூண்டாம் வாங்கிலை இருக்கினமே, அவையள்."

மூன்றாம் வாங்கில் றூடியும் மார்கிரித்தும் இன்னும் இரண்டு கிழவர்களும் கோட்டுப் போட்டு ரை கட்டி விறைப்பாக இருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் மிரேலா, தலையில் முக்காடோடு. அதற்கடுத்து விபூதிப் பூச்சோடு குணசேகரம். சுவாமியார் ஒருமுறை அந்த வாங்கைப் பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

மன்றாட்டு நேரத்தில் அவர் ஒவ்வொரு பெயராக வாசித்தார். "அம்சல்தால் அரசு ரயில்வேயின் ஊழியர்கள் எல்லாருக்காகவும், அதில் பயணம் செய்கிறவர்களுக்காகவும் உமக்கு நன்றி கூறுகிறோம்" என்றார். கோயிலில் ஒரு சின்னச் சலசலப்பு ஓடியது. பிறகு இருநூறு பேரும் வழக்கம்போல ஒரே குரலில் பதில் சொன்னார்கள். தமிழுக்கு நடுவில் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்ட றூடி நிமிர்ந்து உட்கார்ந்தார். மார்கிரித் கைக்குட்டையைத் தேடினாள்.

பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் றோல்சும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். சரணியா என்கிற இளந்தாய், பிள்ளையின் பள்ளிக்கூடத்துக் கடிதங்களோடு முன்பு அடிக்கடி பெர்னடெற்றிடம் வருகிறவள், கிட்ட வந்தாள்.

"அக்கா, சுவாமி வாசிச்ச ரெயின் எது? எங்கையிருந்து எங்கை போகுது?"

எல்லாரும் இராயப்புவைப் பார்த்தார்கள். அவர் பெர்னடெற்றைப் பார்த்தார். பெர்னடெற் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, இடது கை விரலால் மெல்லத் தட்டினாள்.

"சனி," என்றாள். "வா. காட்-டு-றன்."

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளோடு சேர்த்து முப்பது பேருக்கு மேல் வந்து பண்டகசாலை வாசலில் நின்றார்கள். சங்கத்தின் வரலாற்றில் இவ்வளவு சனம் வந்தது கிடையாது. றூடி முதலில் கொஞ்சம் பயந்துபோனார். பிறகு, எல்லாரும் உட்கார வேண்டும், கதிரை போதாது, எதிர்க் கட்டடத்துப் பொறுப்பாளரிடம் கேட்டால் தருவார் என்றார்.

"நான் கேக்கிறன்" என்று டொச்சில் சொல்லிவிட்டு இராயப்பு தெருவைக் கடந்து போனார்.